மெயில் வந்தால் போன் அடிக்க வேண்டும்: இன்பாக்ஸை அலர்ட் சிஸ்டத்தோடு இணைப்பதற்கு முழு வழிகாட்டி

வெள்ளிக்கிழமை இரவு 9:40-க்கு வந்த மெயிலை நான் திங்கட்கிழமை காலையில்தான் பார்த்தேன். சப்ஜெக்டில் 'வால்யூம் 1 டிகிரேடட்' என்று இருந்தது, அதாவது ஒரு டிஸ்க் பழுதாகிவிட்டது. நான் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன அலுவலகத்தின் சேமிப்புப் பெட்டி அனுப்பிய மெயில் அது. நான்கு டிஸ்க்குகளில் தகவலைப் பகிர்ந்து வைக்கும் ரெய்டு 5 பெட்டி, ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டாவதும் போனால் தாங்காது. இரண்டாவது டிஸ்க் ஞாயிறு மாலை போயிருந்தது. சனிக்கிழமை யாராவது ஒரு புது டிஸ்க்கை வாங்கி மாட்டியிருந்தால் ஞாயிற்றுக்குள் ரீபில்ட் (போன டிஸ்க்கின் தகவலைப் புது டிஸ்க்கில் மறுபடி எழுதுவது) முடிந்திருக்கும்.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் கடைசி பேக்கப் 11 நாள் பழையது. தினமும் விடிகாலையில் 'பேக்கப் வெற்றி' என்று ஒரு மெயில் வரும், அது 11 நாளாக வரவில்லை. வராத மெயிலை யார் கவனிப்பார்கள்?

ஒரே வாரத்தில் இரண்டு பாடம். வந்த மெயிலை யாரும் பார்க்கவில்லை, வர வேண்டிய மெயில் வராததையும் யாரும் பார்க்கவில்லை. இணையத்தில் கிடைக்கும் வழிமுறைகள் பெரும்பாலும் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. இரண்டாவது பாதி இல்லாமல் இணைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து, அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இன்பாக்ஸுக்கு ஜிமெயிலையும், அலர்ட் சிஸ்டத்துக்கு பேஜர்டியூட்டியையும், மௌனத்தைக் கண்டுபிடிக்க ஹெல்த்செக்ஸ் என்ற சேவையையும் வைத்துச் சொல்கிறேன். நீங்கள் வேறு எதை வைத்திருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: கருவி மெயில் அனுப்புகிறது, இன்பாக்ஸில் உள்ள ஃபில்டர் அதைப் பிடிக்கிறது, அலர்ட் சிஸ்டம் கொடுத்த ஒரு தனி முகவரிக்கு ஃபார்வர்ட் ஆகிறது, அங்கே அது ஒரு இன்சிடென்டாக (கவனிக்க வேண்டிய சம்பவப் பதிவாக) மாறி உங்கள் போனை அடிக்கிறது.

பேஜர்டியூட்டி 2009-இல் கனடாவின் டொரண்டோவில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கியது. அலெக்ஸ் சாலமன், ஆண்ட்ரூ மிக்லாஸ், பாஸ்கர் புவனதாசன் என்ற அந்த மூவருமே அமேசானில் வேலை பார்த்தவர்கள், நடுராத்திரியில் பேஜர் அடித்து எழுந்த அனுபவம் உள்ளவர்கள். 5 பேர் வரை இலவசத் திட்டம் உண்டு, சின்ன அலுவலகத்துக்கு அது போதும். இதே வேலையைச் செய்யும் அட்லாசியன் நிறுவனத்தின் ஆப்ஸ்ஜீனியைப் பலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். அதை இப்போது புதிதாகத் தொடங்காதீர்கள். அட்லாசியன் 2025 ஜூனிலேயே புது விற்பனையை நிறுத்திவிட்டது, 2027 ஏப்ரலோடு சேவையையே மூடுகிறது. நீங்கள் ஒரே ஆள், ஒரே சர்வர் என்றால் என்டிஃபை என்ற எளிய ஆப் போதும், அதற்கும் மெயில் முகவரி உண்டு. ஆனால் நீங்கள் எடுக்கவில்லை என்றால் அடுத்தவரை எழுப்பும் வசதி அதில் கிடையாது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. மெயில் உடனடி ஊடகம் இல்லை. மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறையின்படி முதல் முயற்சியில் போய்ச் சேராத மெயிலை அனுப்பும் சர்வர் பொதுவாக 30 நிமிடமாவது கழித்துத்தான் மறுபடி முயல வேண்டும், 4, 5 நாள் வரை முயன்றுகொண்டே இருக்கலாம். அதனால் நொடிக் கணக்கில் பதில் தேவைப்படும் விஷயத்துக்கு (பணம் வாங்கும் பக்கம் நின்றுபோவது மாதிரி) மெயிலை நம்பாதீர்கள், அதற்கு நேரடியாகக் கண்காணிக்கும் சேவையை வையுங்கள். மெயில் தவிர வேறு எதையும் அனுப்பத் தெரியாத கருவிகள் இன்னும் நிறைய இருக்கின்றன: சேமிப்புப் பெட்டி, யுபிஎஸ், ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டி, பழைய பேக்கப் மென்பொருள், டொமைன் விற்ற நிறுவனம். இந்த வழிகாட்டி அவற்றுக்குத்தான்.

படி 1: இரண்டு வாரம் எண்ணிப் பாருங்கள்

எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். முதலில் கடந்த இரண்டு வாரத்தில் கருவிகளிலிருந்தும் சேவைகளிலிருந்தும் வந்த மெயில்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது இரவு 2 மணிக்கு வந்தால் நான் எழுந்து ஏதாவது செய்வேனா?

செய்வேன் என்றால் முதல் குவியல். டிஸ்க் பழுது, யுபிஎஸ் பேட்டரிக்கு மாறியது, சர்வர் அறையின் வெப்பநிலை ஏறியது, இவை எல்லாம் இதில் வரும். நாளைக்குள் பார்த்தால் போதும் என்றால் இரண்டாவது. டிஸ்க்கில் 80 சதவீதம் நிறைந்துவிட்டது, டொமைன் காலாவதி ஆக 30 நாள் இருக்கிறது, இந்த மாதிரி. மற்றதெல்லாம் மூன்றாவது, அது இன்பாக்ஸிலேயே கிடக்கட்டும்.

நான் செய்தபோது மெயில்கள் முந்நூறுக்கு மேல் இருந்தன, முதல் குவியலில் சேர்ந்தவை நான்கே நான்கு வகை. உங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் வரும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று முதல் குவியலில் ஒரு வகையைக் கூடுதலாகச் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். வேண்டாத அழைப்பு மூன்று நாள் தொடர்ந்து வந்தால் நான்காவது நாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்குவோம், அன்றைக்குத்தான் உண்மையான அழைப்பு வரும்.

மூன்றாவது குவியலை அலட்சியமாக ஒதுக்கிவிட வேண்டாம். 'வெற்றி' என்று சொல்லும் மெயில்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும், படி 7-இல் அவை தேவைப்படும்.

படி 2: கருவிகளுக்கு என்று ஒரு தனி முகவரி

ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால், அட் குறிக்கு முன்னால், ஒரு கூட்டல் குறி போட்டு எந்தச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம், மெயில் உங்களுக்கே வந்து சேரும். ஒவ்வொரு கருவிக்கும் வேறு வேறு சொல் கொடுங்கள்: சேமிப்புப் பெட்டிக்கு ஒன்று, யுபிஎஸ்ஸுக்கு ஒன்று. கருவியின் நோட்டிஃபிகேஷன் பக்கத்துக்குப் போய்ப் பெறுநர் முகவரியை இதற்கு மாற்றிவிடுங்கள்.

அனுப்புநரை வைத்தே ஃபில்டர் போடலாமே என்று கேட்கலாம். அனுப்புநர் முகவரி உங்கள் கையில் இல்லை, டொமைன் நிறுவனம் ஒரு நாள் அனுப்பும் முகவரியை மாற்றினால் உங்கள் ஃபில்டர் சத்தமில்லாமல் செத்துவிடும். பெறுநர் முகவரி நீங்கள் கொடுத்தது, நீங்களாக மாற்றினால்தான் மாறும். சில பழைய கருவிகள் கூட்டல் குறியை ஏற்காது. அவற்றுக்கு மட்டும் அனுப்புநரை வைத்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

படி 3: பேஜர்டியூட்டியில் இடம் தயார் செய்வது

முகவரி அங்கிருந்துதான் வர வேண்டும் என்பதால் ஜிமெயிலுக்கு முன் இதை முடிக்க வேண்டும்.

முதலில் 'எஸ்கலேஷன் பாலிசி' உருவாக்குங்கள். யாரை முதலில் எழுப்புவது, அவர் எடுக்கவில்லை என்றால் எத்தனை நிமிடம் கழித்து யாரை எழுப்புவது என்ற வரிசைதான் அது. எங்கள் வரிசை: முதலில் நான், 10 நிமிடத்தில் நான் ஏற்கவில்லை என்றால் உடன் வேலை பார்க்கும் தம்பி, அவரும் எடுக்காவிட்டால் இன்னொரு 10 நிமிடத்தில் அலுவலக உரிமையாளர். யாருமே ஏற்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்படியும் வைக்கலாம், வையுங்கள். உரிமையாளரைச் சேர்ப்பதற்கு முன் அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி ஆங்கிலத்தில் பேசும் ஒரு எந்திரக் குரலை எதிர்பார்க்காதவர் தெரியாத அழைப்பு என்று துண்டித்துவிடுவார்.

அடுத்து 'சர்வீஸ்'. முதல் குவியலுக்கு ஒரு சர்வீஸ், இரண்டாவது குவியலுக்கு ஒரு சர்வீஸ் என்று இரண்டாகப் பிரியுங்கள். முதலாவதில் அவசரம் 'ஹை' என்றும் இரண்டாவதில் 'லோ' என்றும் வையுங்கள். ஒவ்வொருவரின் ப்ரொஃபைல் பக்கத்திலும் ஹை வந்தால் என்ன செய்ய வேண்டும், லோ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனியாக விதி இருக்கும். எனக்கு ஹை வந்தால் உடனே ஆப் அறிவிப்பு, 2 நிமிடத்தில் குரல் அழைப்பு. லோ வந்தால் ஆப் அறிவிப்போடு சரி.

இப்போது ஒவ்வொரு சர்வீஸுக்குள்ளும் 'இன்டகிரேஷன்ஸ்' பகுதிக்குப் போய் 'ஈமெயில்' என்ற வகையைச் சேருங்கள். உங்கள் நிறுவனக் கணக்கின் பெயர் வைத்த ஒரு மெயில் முகவரி கிடைக்கும். அதன் முன்பகுதியை நீங்களே மாற்றிக்கொள்ளலாம், யாரும் ஊகிக்க முடியாத மாதிரி வையுங்கள். அந்த முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் மெயில் போட்டு உங்களை நடுராத்திரியில் எழுப்பலாம் என்பதால் அதை ஒரு பாஸ்வேர்டு மாதிரியே நடத்துங்கள், இணையதளத்தில் தெரியும் இடத்தில் எங்கும் போடாதீர்கள்.

ஒரே மாதிரி மெயில்களைச் சேர்ப்பது, தானாக மூடுவது போன்ற அமைப்புகளும் இதே பக்கத்தில் தெரியும். இப்போதைக்கு ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு இன்சிடென்ட் என்றே விட்டுவிடுங்கள், முதலில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம்.

படி 4: ஃபார்வர்டிங் முகவரியைச் சேர்ப்பதும் அந்த உறுதிக் குறியீடும்

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து (போன் ஆப்பில் இது முடியாது) பல்சக்கரக் குறியைத் தட்டி 'சீ ஆல் செட்டிங்ஸ்', அதில் 'ஃபார்வர்டிங்' என்று தொடங்கும் தாவல். 'ஆட் எ ஃபார்வர்டிங் அட்ரஸ்' அழுத்தி பேஜர்டியூட்டி கொடுத்த முகவரியை ஒட்டுங்கள். ஜிமெயில் அந்த முகவரிக்கு ஒரு உறுதிக் குறியீட்டை அனுப்பும், அதைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் ஃபார்வர்ட் நடக்கும்.

அந்த முகவரிக்குப் பின்னால் இன்பாக்ஸ் என்று எதுவும் கிடையாது. குறியீடு எங்கே போகும்? பேஜர்டியூட்டிக்கு அதுவும் ஒரு மெயில்தான், அதனால் அது ஒரு இன்சிடென்டாகவே திறக்கும், உங்கள் போன் அடிக்கும். நான் முதல் தடவை செய்தபோது சர்வரில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். ஆப்பில் அந்த இன்சிடென்டைத் திறந்து பார்த்தால் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு நீண்ட எண் இருந்தது. தலைப்பில் தெரியவில்லை என்றால் இன்சிடென்டுக்குள் போய் மூல மெயிலைத் திறந்து பாருங்கள், அங்கே எண்ணும் இருக்கும், அழுத்த வேண்டிய இணைப்பும் இருக்கும். எண்ணை எடுத்து ஜிமெயிலில் கொடுத்துவிட்டு அந்த இன்சிடென்டை 'ரிசால்வ்' செய்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் உரிமையாளர் வரை போகும்.

ஒருவிதத்தில் இது நல்ல செய்தியும்கூட: மெயில் போனால் போன் அடிக்கிறது என்பது உறுதியாகிவிட்டது.

இன்னொரு சர்வீஸின் முகவரியையும் இதே மாதிரி சேருங்கள். பிறகு அதே பக்கத்தில் 'வருகிற எல்லா மெயிலின் பிரதியையும் ஃபார்வர்ட் செய்' என்ற தேர்வு கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். மேலே 'டிஸேபிள் ஃபார்வர்டிங்' என்பதே தேர்வாகியிருக்கட்டும், ஃபில்டர் வழியாகப் போகும் ஃபார்வர்டை அது தடுக்காது. அந்தத் தேர்வை மாற்றிவிட்டால் உங்கள் வங்கி ஓடிபி முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லாம் அலர்ட் சிஸ்டத்துக்குள் போய் இன்சிடென்டாகி நிற்கும்.

அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு: வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்ட் ஆவதை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. அவுட்லுக்கில் விதி போட்டுப் பார்ப்பீர்கள், விதி சரியாக இருக்கும், மெயில் போகாது, 5.7.520 என்ற எண்ணோடு ஒரு மறுப்பு மெயில் திரும்பி வரும். அட்மின் போய் வெளியே போகும் ஸ்பாம் கொள்கையில் உங்கள் அஞ்சல்பெட்டிக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். மொத்த நிறுவனத்துக்கும் திறந்துவிடச் சொல்லாதீர்கள். கணக்கைத் திருடுபவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று ரகசியமாக ஒரு ஃபார்வர்ட் விதியைப் போட்டுவைப்பது, தடை இருப்பது அதற்காகத்தான். கூகுள் வொர்க்ஸ்பேஸிலும் அட்மின் இதை அணைத்து வைத்திருக்கலாம், அப்படியென்றால் அந்தத் தாவலில் முகவரி சேர்க்கும் பொத்தானே தெரியாது.

படி 5: ஃபில்டர்

மேலே தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தினால் படிவம் திறக்கும். 'டு' என்ற கட்டத்தில் கூட்டல் குறி போட்ட முகவரி. 'சப்ஜெக்ட்' கட்டத்தில் முதல் குவியலுக்கான சொல். சொல்லை மெயிலில் உள்ளபடி முழுதாகக் கொடுங்கள், பாதிச் சொல்லைக் கொடுத்தால் ஜிமெயில் பொருத்திப் பார்க்கும் என்று நம்ப வேண்டாம். முதலில் தேடல் பொத்தானை அழுத்தி, பழைய மெயில்களில் எவையெல்லாம் சிக்குகின்றன என்று பாருங்கள். படி 1-இல் முதல் குவியலில் போட்டவை அத்தனையும் வந்து, மற்றவை வராமல் இருந்தால் 'கிரியேட் ஃபில்டர்'.

அடுத்து வரும் பட்டியலில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஃபார்வர்ட் செய்ய வேண்டிய முகவரி. 'நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்', ஏனென்றால் ஸ்பாமுக்குப் போன மெயில் ஃபார்வர்ட் ஆகாது, கருவிகள் அனுப்பும் மொட்டை மெயில்கள் ஸ்பாமில் விழுவது மிகச் சாதாரணம். மூன்றாவதாக ஒரு லேபிள், பின்னால் எது போனது எது போகவில்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்ள. மெயிலை அழிக்கும் தேர்வைத் தொடாதீர்கள், இன்பாக்ஸில் உள்ள பிரதிதான் உங்கள் சாட்சி.

ஃபார்வர்ட் ஃபில்டர் இனிமேல் வரும் மெயிலுக்கு மட்டும்தான் வேலை செய்யும். பழைய மெயிலை வைத்துச் சோதித்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு பிடிவலை ஃபில்டர் போடுங்கள். கருவியின் முகவரிக்கு வந்து, முதல் குவியலின் சொற்களோ 'வெற்றி' வகைச் சொற்களோ இல்லாத எந்த மெயிலாக இருந்தாலும் இரண்டாவது சர்வீஸுக்கு, அதாவது லோ அவசரத்துக்குப் போகட்டும். ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் ஆனதும் கருவி தன் சப்ஜெக்ட் வாசகத்தை மாற்றிவிடும், 'டிகிரேடட்' என்றிருந்தது வேறு சொல்லாகிவிடும். பிடிவலை இல்லாவிட்டால் அந்த மெயில் வெள்ளிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை வரை கிடக்கும். இருந்தால் குறைந்தது ஒரு ஆப் அறிவிப்பாவது வந்திருக்கும்.

படி 6: ஒரே பிரச்சினைக்கு ஒரே அழைப்பு

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, இப்போது அளவு பார்க்க வேண்டும். யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது 5 நிமிடத்துக்கு ஒரு மெயில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேர மின்வெட்டில் 24 மெயில், 24 இன்சிடென்ட், 24 முறை எழுந்திருக்க வேண்டும்.

ஈமெயில் இன்டகிரேஷனின் அமைப்பில் இதற்கு வழி இருக்கிறது. சப்ஜெக்ட் ஒன்றாக இருக்கும் இன்சிடென்ட் ஏற்கனவே திறந்திருந்தால் புதிதாகத் திறக்க வேண்டாம் என்று சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பல கருவிகள் சப்ஜெக்டிலேயே நேரத்தையும் தேதியையும் போடும், அப்போது ஒவ்வொன்றும் வேறு சப்ஜெக்ட் ஆகிவிடும். அந்த மாதிரிக் கருவிகளுக்கு விதி எழுதும் தேர்வை எடுங்கள். அதில் சப்ஜெக்டின் எந்தத் துண்டு இன்சிடென்டின் அடையாளம் என்று நீங்களே சொல்லலாம், உதாரணமாக இந்தச் சொல்லுக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில் இருப்பது மட்டும் என்று. கருவியின் பெயர் அந்தத் துண்டில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள், தேதி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே இடத்தில் மூடும் விதியையும் எழுதுங்கள். மின்சாரம் திரும்பியது என்று யுபிஎஸ் மெயில் போட்டால் திறந்திருக்கும் இன்சிடென்ட் தானாக மூட வேண்டும். திறக்கும் மெயிலிலும் மூடும் மெயிலிலும் அடையாளத் துண்டு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும். மூடும் மெயில் இன்பாக்ஸ் ஃபில்டரைத் தாண்டி பேஜர்டியூட்டிக்குப் போக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள், அதற்கும் ஒரு ஃபில்டர் தேவை. பிடிவலை ஃபில்டரின் விலக்குப் பட்டியலிலும் அந்தச் சொல்லைச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரச்சினை தீர்ந்த செய்தியே லோ அவசரத்தில் ஒரு புது இன்சிடென்டாகத் திறக்கும்.

டிஸ்க் பழுதுக்கு மட்டும் நான் தானாக மூடும் விதி வைக்கவில்லை. சில பெட்டிகளில் ஒரு தடவை ரீபூட் ஆனாலே 'சரியாகிவிட்டது' என்று மெயில் வந்துவிடும். டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்த மனிதர்தான் அதை மூட வேண்டும்.

படி 7: வராத மெயிலைப் பிடிப்பது

இதுவரை செய்தது எல்லாம் மெயில் வந்தால்தான் வேலை செய்யும். இன்டர்நெட் இணைப்பு அறுந்தால் மெயில் கிளம்பவே கிளம்பாது. பேக்கப் மென்பொருள் தொடங்காமலே உறைந்து நின்றால் தோல்வி மெயில்கூட அனுப்பாது. அனுப்புகிறவரே நிறுத்திவிடுவதும் உண்டு: இணையதளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், தன் எஸ்எஸ்எல் சான்றிதழ்கள் காலாவதி ஆகப்போகும் முன் வருடக்கணக்கில் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது, 2025 ஜூன் 4-ஓடு அதை நிறுத்திவிட்டது. முன்கூட்டியே அறிவித்துத்தான் நிறுத்தினார்கள். அந்த அறிவிப்பைப் படிக்காமல் மெயிலை மட்டும் நம்பியிருந்தவருக்கு, வராத மெயில் 'எல்லாம் சரி' என்ற மாதிரியேதான் தெரியும்.

அதனால் 'வெற்றி' மெயிலைத் திருப்பிப் போடுங்கள். அது வந்தால் அமைதி, குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் அலர்ட். ஹெல்த்செக்ஸ் இதற்காகவே இருக்கும் சேவை, லாட்வியாவிலிருந்து நடத்துகிறார்கள், நிரலும் திறந்த மூலம்தான். சின்ன அளவுக்கு இலவசம்.

அங்கே ஒரு 'செக்' உருவாக்கினால் அதற்கும் ஒரு தனி மெயில் முகவரி கிடைக்கும். இரண்டு நேரங்களைச் சொல்ல வேண்டும்: எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை மெயில் வர வேண்டும், தாமதமானால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம். எங்கள் பேக்கப் இரவு 1 மணிக்குத் தொடங்கி ஒன்றரையிலிருந்து மூன்றுக்குள் எப்போது வேண்டுமானாலும் முடியும். அதனால் முதலாவது 1 நாள், இரண்டாவது 3 மணி நேரம். பொறுக்கும் நேரத்தை இறுக்கி வைத்தால் மாதக் கடைசியில் கோப்புகள் கூடும்போது பொய் அலர்ட் வரும், தாராளமாகவே வையுங்கள். பேக்கப் இல்லை என்பது காலை 6 மணிக்குத் தெரிந்தாலும் பாதகமில்லை, 11 நாள் கழித்துத் தெரிவதுதான் பாதகம்.

ஜிமெயிலில் படி 4, படி 5 மாதிரியே செய்யுங்கள். உறுதிக் குறியீடு இந்தத் தடவை ஹெல்த்செக்ஸின் பதிவில் ஒரு 'பிங்' ஆக (வந்து சேர்ந்த செய்தியாக) வந்து நிற்கும், அதைத் திறந்து உள்ளே உள்ள மெயிலைப் படித்து எண்ணை எடுங்கள். ஃபில்டர் 'வெற்றி', 'தோல்வி' இரண்டையும் அங்கே அனுப்பட்டும். ஹெல்த்செக்ஸின் சப்ஜெக்ட் வடிகட்டியில் எந்தச் சொல் வந்தால் வெற்றி, எந்தச் சொல் வந்தால் தோல்வி என்று கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் 'பேக்கப் தோல்வி' என்ற மெயிலும் மெயில்தானே என்று அதை ஆரோக்கியமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இதைக் கவனிக்காமல் விட்டால் இந்தப் படி முழுவதும் வீண்.

பிறகு ஹெல்த்செக்ஸின் இன்டகிரேஷன் பக்கத்தில் பேஜர்டியூட்டியைச் சேருங்கள். கூடவே டெலிகிராம் மாதிரி சம்பந்தமே இல்லாத இன்னொரு வழியையும் சேருங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வெற்றி மெயில் அதே இன்பாக்ஸ் வழியாகப் போவதுதான். யாராவது தெரியாமல் ஃபில்டரை அழித்தாலோ, ஜிமெயில் கணக்கு பூட்டப்பட்டாலோ, ஃபார்வர்ட் நின்றாலோ, வெற்றி மெயிலும் போகாது, ஹெல்த்செக்ஸ் கத்தும். மெயில் வரும் பாதையையே தினமும் ஒரு தடவை யாரோ நடந்து பார்த்துவிட்டு வருகிற மாதிரி.

படி 8: போன்

இவ்வளவும் செய்துவிட்டு போன் சைலண்டில் இருந்தால் என்ன பிரயோஜனம்? பேஜர்டியூட்டி தன் அழைப்பு எண்களை ஒரு தொடர்பு அட்டையாகத் தருகிறது, அதை போனில் சேமித்து, 'டு நாட் டிஸ்டர்ப்' நேரத்திலும் அந்தத் தொடர்பு அடிக்கலாம் என்று அனுமதி கொடுங்கள். ஆப்புக்கும் தனியாக அதே அனுமதி வேண்டும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு அமைப்பு ஆப்பைப் பின்னணியில் கொன்றுவிடும், பேஜர்டியூட்டிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரின் போனையும் நீங்களே கையில் வாங்கிச் செய்து கொடுங்கள், 'செய்துவிட்டேன்' என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம், சோதனை அழைப்பு அனுப்பி மேசையில் அது அடிப்பதைக் கேளுங்கள்.

அழைப்பை ஏற்பது என்றால் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பொருள், பிரச்சினை தீர்ந்தது என்று பொருளில்லை. இரண்டுக்கும் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. தூக்கக் கலக்கத்தில் 'அக்னாலட்ஜ்' அழுத்திவிட்டு மறுபடி தூங்கிவிடுவது மனித இயல்பு, அதனால் சர்வீஸ் அமைப்பில் ஏற்றபின் 30 நிமிடத்தில் மூடாவிட்டால் மறுபடி அடிக்கும்படி காலக்கெடு வையுங்கள்.

படி 9: சோதனை

கருவியின் நோட்டிஃபிகேஷன் பக்கத்தில் 'டெஸ்ட் மெயில்' பொத்தான் இருக்கும். அது அனுப்பும் மெயிலின் சப்ஜெக்ட் உண்மையான பழுது மெயிலின் சப்ஜெக்ட் மாதிரி இருக்காது, அதனால் அது பிடிவலையை மட்டும்தான் சோதிக்கும். உண்மையான சோதனைக்கு உண்மையான நிகழ்வு வேண்டும். யுபிஎஸ் என்றால் சுவரில் உள்ள பிளக்கை 2 நிமிடம் பிடுங்குங்கள், பேட்டரி நன்றாக இருக்கிறது என்று தெரிந்த நாளில், அலுவலக நேரம் முடிந்த பிறகு. பேக்கப் என்றால் ஒரு இரவு அந்த வேலையை நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் ஹெல்த்செக்ஸ் அழைக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்குக்கு இப்படி எல்லாம் செய்யாதீர்கள். ஓடும் ரெய்டிலிருந்து சோதனைக்காக டிஸ்க்கை உருவுவது ஆபத்து. பழைய பழுது மெயிலின் சப்ஜெக்டை அப்படியே எழுத்துப் பிசகாமல் நகலெடுத்து, வேறொரு மெயில் கணக்கிலிருந்து கூட்டல் குறி முகவரிக்கு அனுப்பினால் போதும். அனுப்புநரை வைத்து எங்காவது விதி போட்டிருந்தால் மட்டும் இந்தச் சோதனை மெயில் அதில் சிக்காது.

முதல் தடவை மூன்று பேர் வரிசையையும் முழுக்கப் போக விடுங்கள், நீங்களும் எடுக்காதீர்கள், தம்பியையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், 20 நிமிடம் கழித்து உரிமையாளரின் போன் அடிக்க வேண்டும். எங்களுக்கு முதல் தடவை அடிக்கவில்லை, அவர் எண்ணை உறுதிப்படுத்தும் குறுஞ்செய்திக் குறியீட்டை யாரும் உள்ளிடாமல் விட்டிருந்தோம். அன்றிலிருந்து மாதத்தின் முதல் வியாழக்கிழமை மாலை 6 மணிக்கு இந்தச் சோதனையை நடத்துகிறோம், அன்று மட்டும் அவர் போனைக் கையிலேயே வைத்திருப்பார்.